வாட்ஸும் முப்பத்திரண்டு காலிங் பெல்லும்

திருவண்ணாமலையில் பக்திக்குப் பஞ்சமில்லை. மலையைக் கும்பிடுகிறவர்கள் உண்டு, மலையடிவாரத்து மரத்தைக் கும்பிடுகிறவர்கள் உண்டு. ஆனால் குண்டு பல்பைக் கும்பிட்ட மனிதர் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். அவர் எங்கள் வாட்ஸ்.

எலக்ட்ரீஷியன். சொந்தப் பெயர் ஆதார் அட்டையோடு சரி. மனிதர்களை வாட்ஸ் கணக்கில்தான் எடை போடுவார். "உங்க ஆபீசரு இருக்காரே, ஜீரோ வாட்ஸ் சார். எரியறாரா இல்லையான்னே தெரியாது" என்பார். என்னை நாற்பது என்று வைத்திருந்தார். கல்யாணம் ஆனால் இருபத்தைந்துக்கு இறங்கிவிடுவேன் என்றும் எச்சரித்திருந்தார். எல்இடி பல்பு என்றாலே முகம் சுளிப்பார். "வெளிச்சம் ஜாஸ்தி சார், பாசம் கம்மி."

வேங்கிக்காலில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில், அரசு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த நான். பக்கத்து அறையில் வாட்ஸ். கீழே ஓனரம்மா. தலைமுறை தலைமுறையாக இந்த மாவட்டத்தில் விவசாயம் பார்த்த சமணக் குடும்பம். போதாததற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். வாசலில் எறும்பு வரிசை போனால், அது கடந்து முடிகிறவரை கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று காத்திருப்பார். குடிவந்த அன்றைக்கே எங்களை நிற்க வைத்து ஒரே ஒரு சட்டம் சொன்னார்: "கறி, மீனு, முட்டை, மூணும் இந்தப் படி ஏறக் கூடாது."

வாட்ஸ் அந்தச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்தார். அவர் படியேற்றியது முட்டையும் இல்லை, கறியும் இல்லை. இரண்டுக்கும் நடுவிலிருந்த ஒன்று.

கீழ்பென்னாத்தூரில் ஒரு பண்ணையில் குஞ்சு பொரிக்கும் மெஷினை ரிப்பேர் பார்க்கப் போனவர், திரும்பி வரும்போது ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே முப்பத்திரண்டு நாட்டுக்கோழிக் குஞ்சுகள்.

"மெஷினைச் சரி பண்ணி மூடியைத் திறந்தேன் சார். ஒண்ணு என் விரலைப் பாத்து 'ம்மா'ன்னுச்சு" என்றார்.

"கோழி எப்படிங்க 'ம்மா'ன்னு சொல்லும்?"

"நீங்க அங்க இல்ல சார்."

கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, தகரத்தை வட்டமாக வளைத்து, கீழே கடலைத் தோலைப் பரப்பி, மேலே நூறு வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்கவிட்டார். குஞ்சுகள் பல்புக்கடியில் நெருக்கியடித்து நின்றால் குளிர்; தகரத்தோரம் ஒதுங்கினால் சூடு. பல்பை ஒரு விரல் ஏற்றுவார், அரை விரல் இறக்குவார். அவர் தூங்கியது தரையில், தகரத்தில் காதை வைத்தபடி.

பிரச்சினை சத்தம். மூன்றாம் நாளே கீழிருந்து குரல் வந்தது.

"மேல இன்னாப்பா கீச்சு கீச்சுன்னு?"

வாட்ஸ் கைப்பிடிச் சுவர் வழியாகத் தலையை நீட்டினார். "காலிங் பெல்லும்மா! புது மாடலு. குருவி சத்தம் போடும். டெஸ்டிங் பண்றேன்."

"எத்தனை பெல்லுப்பா?"

உண்மை பேசுகிற வழக்கத்தில் வாய் தவறிவிட்டது. "முப்பத்திரண்டும்மா."

"அத்தனையும் ஒரே நேரத்துலயா டெஸ்ட் பண்ணுவாங்க?"

"பல்க் ஆர்டரும்மா!"

ஓனரம்மாவுக்கு மூட்டுவலி, படியேற முடியாது. அந்த வலியை நம்பித்தான் முப்பத்துநான்கு உயிர்கள், எங்களையும் சேர்த்து, மாடியில் குடியிருந்தோம்.

மார்கழியில் ஒரு நாள், பராமரிப்புப் பணி என்று காலை ஒன்பதுக்கே கரண்ட் போய்விட்டது. குஞ்சுகளுக்கு மூன்று வாரம்கூட முடியவில்லை. வெளியே தூறல், குளிர். மலையே மேகத்துக்குள் போர்த்திக்கொண்டு கிடந்தது. நான் ஆபீசுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வாட்ஸ் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, மடியில் பதினைந்து குஞ்சுகளைக் கொட்டி, மேலே கம்பளியைப் போர்த்திவிட்டார்.

"ஆடாதீங்க சார். மனுஷ உடம்பு இதுங்களுக்குப் போதும். உங்க நாப்பது வாட்ஸ் இன்னிக்கி உதவட்டும்."

"ஆபீசுக்கு லீவு சொல்லணும்ங்க!"

"சொல்லுங்க. ஆனா கைய ஆட்டாம சொல்லுங்க."

மிச்சம் பதினேழை அவர் சட்டைக்குள் விட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். மத்தியானம் இரண்டு மணிவரை இருவரும் அடைகாத்தோம். ஒன்றுகூடச் சாகவில்லை. கரண்ட் வந்ததும் அவர் பல்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பேன்ட்டைத் துவைக்கப் போனேன்.

ஐந்தாவது வாரம் சிறகு முளைத்துத் தகரத்தைத் தாண்டிக் குதிக்க ஆரம்பித்தன. அடி அண்ணாமலையில் அவருடைய அக்கா வீட்டுக் கொல்லையில், கம்பி வலையும் கீற்றுக் கூரையுமாகக் கூண்டு தயாராக இருந்தது. ஆனால் வாட்ஸுக்கு மனசு வரவில்லை. நூறிலிருந்து அறுபது, அறுபதிலிருந்து நாற்பது என்று பல்பை இறக்கி, வெயில் வந்தால் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் உலாத்தவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் பழகட்டும் சார்" என்று தள்ளிக்கொண்டே போனார். அதற்குள் தை பிறந்துவிட்டது.

முடிவெடுக்க வைத்தது ஓனரம்மாதான். ஒரு நாள் காலையில் கீழிருந்து உற்சாகமாகக் கூவினார். "புதுத் தைலம் மூட்டுக்கு நல்லா கேக்குதுப்பா! சாயங்காலம் மேல வந்து டேங்கைப் பாக்கப் போறேன்."

அன்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில் ஆட்டோ போகாது. போனாலும் கோழியை ஏற்றாது. இரண்டு அட்டைப் பெட்டிகளில் குஞ்சுகளை அடைத்து, ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி படியிறங்கினோம். ஓனரம்மா கூடத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு அரிசியில் புழு பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாண்டிவிட்டேன். வாட்ஸ் கடைசிப் படியில் கால் வைத்தபோது, ஈரத்தில் ஊறிப்போயிருந்த பெட்டியின் அடிப்பாகம் கழன்று விழுந்தது.

அரிசி முறத்தைச் சுற்றிப் பதினாறு காலிங் பெல்கள்.

ஓனரம்மா கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு குஞ்சு முறத்திலேறி அரிசியைக் கொத்தியது. அதை விலக்காமல் கேட்டார்.

"இதுங்களை எங்க எடுத்துனு போற?"

"அக்கா வூட்டுக் கூண்டுக்கும்மா."

"அப்புறம்?"

"வளப்பேம்மா."

"அப்புறம்?"

"பெருசாகும்."

"அப்புறம்?"

அந்த 'அப்புறத்'துக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. அது மிளகு போட்டது. ஓனரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல யாராலும் முடியாது.

"அப்புறம்... அதுங்க பாட்டுக்கு இருக்கும்மா."

"கொல்ல மாட்டியே? கொல்றவங்க கிட்டயும் விக்க மாட்டியே?"

"மாட்டேம்மா."

"வாத்தியார் கிட்ட பொய் சொல்லக் கூடாது."

"மாட்டேம்மா" என்றார் மறுபடி, இந்தத் தடவை கைகட்டிக்கொண்டு.

ஓனரம்மா உள்ளே போய், வடாம் போட்டுவைக்கிற பெரிய மூங்கில் கூடையையும் மூடுவதற்குப் பழைய புடவையையும் கொண்டுவந்து கொடுத்தார். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கடைசிக் குஞ்சைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

கிரிவலக் கூட்டம் முழுக்க ஒரு பக்கமாக வர, நாங்கள் மட்டும் எதிரே போனோம். "எதிர்ல சுத்தக் கூடாதுங்க, பாவம்" என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். புடவை மூடிய கூடைக்குள் கீச்சொலி கேட்டு ஓர் அம்மாள் கும்பிட்டார்.

"இன்னா வேண்டுதல் சாமி?"

"கரண்ட் போகக் கூடாதும்மா" என்றார் வாட்ஸ், நிற்காமல்.

கூண்டில் விட்டதும் ஒன்றும் நகரவில்லை. வலைக்கு வெளியே ஆகாயம், காற்று, மலை. முப்பத்திரண்டும் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடுங்கின. வாட்ஸ் என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, கூண்டுக்குள் போய்ச் சம்மணமிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒன்று தொடையில் ஏறியது. பிறகு தோள். பிறகு தலை.

"தம்பி, வெளிய வாடா! பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என்று அவர் அக்கா கொல்லைக் கதவிலிருந்து கத்தினார்.

"பழகட்டும்க்கா" என்றார் வாட்ஸ், கோழிகள் சரிந்து விழாதபடி உதட்டை மட்டும் அசைத்து.

மூன்று நாள் அங்கேயே சாப்பிட்டார். நாலாம் நாள் குஞ்சுகள் மண்ணைக் கிளறுவதில் மும்முரமாகி அவரைக் கவனிப்பதை நிறுத்தின. வெளியே வந்த மனிதர் ஒரு வாரம் ஐந்து வாட்ஸ்தான் எரிந்தார்.

வளர்ந்த பிறகு தெரிந்தது, முப்பத்திரண்டில் இருபத்தொன்று சேவல். சண்டை, கூவல், மறுபடி சண்டை. "முட்டையும் போடாது, குழம்புக்கும் ஆகாது. நான் இன்னா பாவம்டா பண்ணேன்?" என்று அக்கா கேட்காத நாளில்லை. கறிக்கடைக்காரர் இரண்டு தடவை சாக்கோடு வந்து வெறும் சாக்கோடு போனார்.

பிறகு எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சில வருடம் கழித்து வேலையாக வந்தபோது அடி அண்ணாமலைக்குப் போனேன். பதினாலு சேவல் பாக்கி; மற்றதெல்லாம் வயசாகித் தானாகவே போய்ச் சேர்ந்திருந்தன. ஓனரம்மா வீட்டை விற்றுவிட்டு மகனோடு டெல்லிக்குப் போய் இரண்டு வருடமாகிவிட்டதாம்.

"அப்புறம் என்னங்க? இனிமே யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றேன்.

வாட்ஸ் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவனைப் போலப் பார்த்தார். "சொல்லிட்டேனே சார்."

அப்புறம் இலை போட்டார். நாட்டுக்கோழிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, கத்திரிக்காய்க் குழம்பும் ரசமும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ விருந்து சாப்பிட்டாயிற்று. அந்த ரசத்தின் சூடு மட்டும் இன்னும் உள்ளே இருக்கிறது.