காலில் ஐந்து கோடுகள்

கொசு கடித்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்திலேயே கடித்த நேரத்தையும் எழுதி வைக்கும் மனிதர் இந்த மலேசியாவில் ஒருவர்தான். எங்கள் பத்திரிகையில் அறிவியல் பக்கம் எழுதுகிறார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் 'மணியென்ன' அண்ணன்.

கையில் கடிகாரம் இருக்கும், சட்டைப்பையில் போன் இருக்கும். இருந்தும் எதிரே வருபவரிடம் "மணி என்ன?" என்பார். "அதான் கையிலயே கட்டியிருக்கீங்களே" என்றால், "ஒருத்தர் சொன்னா வதந்தி தம்பி. ரெண்டு பேரு சொன்னாதான் செய்தி" என்பார். கல்யாணப் பந்தியில் பாயசம் எத்தனை நிமிடத்தில் ஆடை கட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அடுத்த பந்திக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று திட்டியதை நானே கேட்டிருக்கிறேன்.

அவரோடு வெளியே போக அலுவலகத்தில் ஒருவரும் முன்வர மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் நான் மாட்டிக்கொண்டேன். புக்கிட் ரோத்தான் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் எலியை ஒழிக்க ஆந்தை வளர்க்கிறார்கள். உயரமான கம்பின் மேல் மரப்பெட்டி வைத்து அதைக் குடியேற்றியிருக்கிறார்கள். அவர் எழுத வேண்டும், நான் படம் எடுக்க வேண்டும்.

பெட்டியை அண்ணாந்து பார்த்தபடி பின்னால் ஓர் அடி வைத்தேன். அங்கே வெட்டிப் போட்ட மட்டைக் குவியல். கணுக்காலுக்கு மேல் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால், விரித்த படத்தைச் சுருக்கிக்கொண்டு கருநாகம் ஒன்று மட்டைக்குள் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, பாம்பு" என்றேன்.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டக் கூட வந்திருந்த மேற்பார்வையாளர் மண்டோரை அவர் திரும்பிப் பார்த்து, "மணி என்ன?" என்றார்.

"பத்து இருவது சார்."

"என்னோடதுல பத்தொம்போது. சரி, இருவதுன்னே வச்சுக்குவோம்." ஒரு நிமிடத்தை அவர் விட்டுக்கொடுத்தது அன்றுதான். நிலைமை மோசம் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மண்டோர் அதற்குள் தலைத்துண்டை உருவிக்கொண்டு என் தொடைப்பக்கம் வந்துவிட்டார். "இறுக்கிக் கட்டணும் சார். இல்லன்னா விஷம் தலைக்கு ஏறிடும். சபாக்ல மந்திரிக்கிறவரு இருக்காரு, நேரா அங்க போயிடலாம்."

"கட்டக் கூடாது. ரத்த ஓட்டம் நின்னு காலே போயிடும். ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுங்க."

"நீங்க பேப்பர்ல எழுதுறவரு சார். நான் நேர்ல பாத்தவன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கால் என்னுடையதாயிற்றே. ஒரு பக்கம், ஆயுள் முழுக்கப் பாம்புகளுக்கு நடுவில் வேலை செய்தவர். இன்னொரு பக்கம், கொசுக்கடிக்கு வட்டம் போடுபவர். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் துண்டுதான் வேண்டியிருந்தது. கட்டச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் மண்ணில் உட்கார்ந்து என் செருப்பைக் கழற்றினார். "என்னைய நம்பு தம்பி" என்றார். எதையும் சோதித்துப் பார் என்றுதான் அவர் சொல்வார். நம்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அதனால்தான் தலையாட்டினேன்.

கால் அசையாமலிருக்க என் கேமரா ஸ்டாண்டை அதோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டினார். "இது மட்டும் கட்டலாமா?" என்று முனகிக்கொண்டே மண்டோர் பிக்கப்பைக் கிளப்பினார்.

பின்னிருக்கையில் கிடந்த என் காலில், வீக்கம் எட்டியிருந்த இடத்தில் அண்ணன் ஒரு கோடு போட்டு நேரம் எழுதினார். பத்து நிமிடத்தில் இரண்டாவது கோடு, மூன்று விரல் மேலே. வண்டி குழியில் இறங்கி ஏறியதில் கோடு கோணலாகிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

"அண்ணே, நான் செத்துக்கிட்டிருக்கேன்."

"பேசு, பேசு. நாக்கு குழறுதான்னு நான் பாக்கணும். வீட்டுக்காரிகூட போட்ட சண்டை ஏதாச்சும் சொல்லு."

சொன்னேன். ஆஸ்பத்திரி வரை சொல்ல அவ்வளவு இருந்தது. மண்டோர் இரண்டு இடத்தில், "அது உங்க தப்பு சார்" என்றார்.

மூன்றாவது கோடு. நான்காவது. ஐந்தாவது முழங்காலைத் தொட்டபோது என் இமைகள் கனத்தன. அண்ணன் மண்டோரிடம் மணி கேட்பதையே நிறுத்திவிட்டார். பாம்பைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் கோடுகளைக் குனிந்து பார்த்தார். "யாரு மார்க் பண்ணது?"

"நான்தான் டாக்டர்."

"நல்லதா போச்சு லா. எவ்ளோ ஃபாஸ்ட்டா ஏறுதுன்னு இதுலயே தெரியுது." விஷமுறிவு மருந்தை உடனே ஏற்றச் சொன்னார்.

கால் பிழைத்தது, நானும் பிழைத்தேன். மண்டோர் ஒரு பை ஆரஞ்சோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் தன் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியதையே இரண்டு வாரம் எழுதிய மனிதர், என் காலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஆசிரியர் கேட்டும் முடியாது என்றாராம். எனக்குக் கோபமே வந்தது. கடிபட்டவனுக்குப் பேப்பரில் வரக்கூடக் கொடுத்துவைக்கவில்லையா?

"ஏண்ணே எழுதல?" என்று நேராகவே கேட்டேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்.

"செய்தி எழுதுறவன் நடுநிலையா இருக்கணும் தம்பி. அந்த வண்டியில நான் உன் பக்கம் சாஞ்சுட்டேன்."