ஆலோசகர் வாசெக்கின் இரண்டாவது கையெழுத்து

உழைப்பின் பெருமையை உலகுக்கு உணர்த்தத் தலைமுறைக்கு ஒரு மகான் தோன்றுவார். இந்தத் தலைமுறைக்கானவர் விஸ்கான்சின் மாநிலத்தில், டன்பெரி உயர்நிலைப் பள்ளியில், மாணவர் ஆலோசகராக அவதரித்திருந்தார். பெயர் கோர்டன் வாசெக்.

நான்கு ஆண்டுகளில் நாற்பத்தொரு பிள்ளைகளைப் பள்ளியில் படிக்கும்போதே தொழிற்பயிற்சியில் சேர்த்துவிட்டவர் அவர். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் வேலை. தயங்கும் பெற்றோரை வீடு தேடிப் போய்க் கரைப்பார். "காலேஜ் எல்லாருக்கும் எதுக்குங்க? கைத்தொழில்தான் கௌரவம்!" என்பார். கேட்டவர்கள் கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். சில வீடுகளில் வாசெக்கே கலங்கியதுண்டு. அவர் மனதாரத்தான் பேசினார், சந்தேகப்படுவது பாவம்.

மே மாதம் ஒப்பந்த விழா. கால்பந்து ஆடும் பிள்ளைகளைக் கல்லூரிகள் கொத்திக்கொண்டு போகும்போது நடக்கிற அதே சடங்குதான். விளையாட்டு அரங்கில் நீள மேசை, பாண்டு வாத்தியம், கேமராக்கள். கையெழுத்து முடிந்ததும் முதலாளி தன் நிறுவனத்தின் தொப்பியைப் பிள்ளையின் தலையில் மாட்டுவார். படிவத்தில் ஆலோசகரின் கையெழுத்துக்கு ஒரு வரி. பதினெட்டு நிரம்பாதவர் என்றால் பெற்றோருக்கும் ஒரு வரி.

இந்த ஆண்டு வாசெக் பிளம்பர்களை 'நாகரிகத்தின் காவலர்கள்' என்று பிரகடனம் செய்தார். கைதட்டல் ஓய்வதற்குள் படிவங்கள் வந்தன. பெரிய மனிதர்களுக்கே உரிய முறையில், எதையும் படிக்காமல் கையெழுத்திட்டுத் தள்ளினார். 'இம்மாணவர் இத்தொழிலுக்கென்றே பிறந்தவர் என உளமாரப் பரிந்துரைக்கிறேன்' என்பது அச்சிட்ட வாசகம்.

கடைசிப் படிவத்தை நீட்டியவள் கிரெட்டா. அவருடைய மகள். வயது பதினேழு. முதல் வரியில் போட்டு முடித்த பிறகுதான் வாசெக் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எங்கம்மா இங்க?"

"இன்னொரு வரி பாக்கி இருக்குப்பா. பெற்றோர் வரி."

"விளையாடாதே. நீ சனிக்கிழமை தவறாம லைப்ரரிக்குப் போற பொண்ணு!"

பக்கத்தில் தொப்பியோடு நின்றிருந்த பிளம்பிங் நிறுவன முதலாளி டோரீன் கோஸ்லிக் குறுக்கிட்டார். "லைப்ரரிக்குப் போனது உண்மைதான். அங்க ரெண்டாவது மாடிக் குழாய் அடைப்பை எடுத்ததே இவதான். சீக்கிரம் போடுங்க சார். மத்தியானத்துக்குள்ள பயிற்சிக்குச் சேர்றவங்க பட்டியல் போயாகணும். என்கிட்ட இருக்கிறது ஒரே இடம், அதுக்கு இன்னொருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்க."

வாசெக்கின் பேனா மேலேயே நின்றது. கிரெட்டாவின் முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவள் அந்த வேலைக்கு அவ்வளவு ஆசைப்பட்டாள்.

"அவ நல்லாப் படிக்கிற பொண்ணுங்க!" என்றார் வாசெக், கெஞ்சுகிற குரலில்.

"எங்க பையன் மட்டும் என்ன, மரமண்டையா?" என்றார் புதுத் தொப்பி போட்ட ஒருவனின் தகப்பன், வெண்டல் புரூயிட்.

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லலையே! உங்க பையனுக்கு இது பொன்னான வாய்ப்பு!"

டோரீன் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "மேல் வரியில இவ இதுக்குன்னே பிறந்தவள்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கீழ் வரியில போட மாட்டேங்கறீங்க. நான் எந்த வாசெக்கை நம்பறது?"

இத்தகைய சிக்கலான நிர்வாகக் கேள்விக்கும் ஆலோசகரிடம் பதில் இருந்தது. "மத்தவங்க பிள்ளைங்க விஷயத்துல ஆலோசகரை நம்புங்க. என் பிள்ளை விஷயத்துல அப்பனை நம்புங்க."

நாற்பத்தொரு குடும்பங்களை உய்வித்த அந்த வாய்க்கு, அரங்கில் முதல்முறையாக ஒருவரும் கை தட்டவில்லை.

முன்வரிசையிலிருந்து அவருடைய மனைவி லொரெய்ன் எழுந்து வந்தார். கணவரின் கையிலிருந்த பேனாவை உருவிக் கீழ் வரியில் கையெழுத்திட்டார். டோரீன் ஒரு நொடியும் தாமதிக்காமல் கிரெட்டாவின் தலையில் தொப்பியை மாட்டினார்.

"என்ன காரியம் பண்ணிட்ட லொரெய்ன்!"

"நாலு வருஷமா முன்வரிசைல உக்காந்து உன் பேச்சைக் கேட்டவ நான். நானும் நம்பிட்டேன், அவளும் நம்பிட்டா. நம்ம வீட்ல நம்பாதவன் நீ ஒருத்தன்தான்."