தலைதீபாவளிக்கு வந்த ஜப்பான் பெட்டி

"…எந்தப் பொட்டியா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதாங்க மச்சான். என்கிட்ட இருக்கற கேசட்டு அதுக்குள்ள போயி ஓடணும். அது போதும்."

போனில் இப்படிச் சொன்னவர் என் தங்கை சுதாவின் கணவர் குமரன். அரியலூர்க்காரர். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று நான்தான் கேட்டேன். மோதிரம் கேட்பாரோ, வண்டி கேட்பாரோ என்று அம்மா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் கேட்டது, சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடுவோமே, அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டி.

அவர் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். ஒரு முறை திருச்சியிலிருந்து பெட்டியும் மஞ்சள் கேசட்டும் வாங்கிவந்தாராம். மகனுக்கு அவர் கையால் வாங்கிக்கொடுத்த ஒரே விளையாட்டுச் சாமான். பெட்டி எப்போதோ உடைந்துவிட்டது. அப்பாவும் இப்போது இல்லை. கேசட்டை மட்டும் மாப்பிள்ளை பீரோவில் துணிக்கடியில் வைத்திருந்தார்.

இதைக் கேட்டதும் ஒரு நல்ல மனிதன் மனமிளகியிருப்பான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏனென்றால் பெரம்பலூரில் செல்போன் உதிரிப்பொருள் கடை வைத்திருப்பவன் நான். சார்ஜர், ஒயர், பின், எல்லாம் நம் ராஜ்ஜியம். (படிப்பு பிளஸ் டூ. மிச்சத்தைக் கடைக்கு வருபவர்கள் வாயிலிருந்து பொறுக்கிச் சேர்த்தேன். சேர்த்ததில் பாதி தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.)

சுதா தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, இந்த ஒரு தடவ பெருசா எதுவும் பண்ணாத. எங்க மாமியா ஏற்கெனவே சொல்றாங்க, 'ஒங்க அண்ணன் நல்ல மனுசன்தான், ஆனா ஆஃப் பண்ற சுவிச்ச வெக்க மறந்துட்டாங்க'ன்னு."

நான் சிரித்தேன். நல்ல சொல். மனதில் குறித்தும் கொண்டேன். ஆனால் அதற்கு அர்த்தம் என்னவென்று யோசிக்கவில்லை.

பழைய விளையாட்டுப் பெட்டிகளைச் சேகரிப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் சேர்ந்தேன். ஒரே பெட்டியை நாட்டுக்கு ஒரு தினுசாகச் செய்திருக்கிறார்கள் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. அமெரிக்கப் பெட்டி சாம்பல் நிறம், பார்க்க ஸ்டெபிலைசர் மாதிரி. ஐரோப்பியப் பெட்டியும் அதே முகம், ஆனால் படம் கொஞ்சம் மெதுவாக ஓடும். ஜப்பான் பெட்டி சின்னது, சிவப்பும் சந்தன நிறமும் கலந்து கல்யாணக் களையோடு இருந்தது. நம் ஊர் மஞ்சள் கேசட் நேராக நுழைவது ஜப்பான் பெட்டியின் வாயில் மட்டும்தான்.

குழுவிலிருந்த சென்னைக்காரர் ஒருவர் பொறுமையாக எழுதினார். ஐரோப்பியப் பெட்டி வாங்குங்கள், கரண்ட் நம் ஊர்க் கரண்ட்தான், கேசட் நுழைய ஒரு சின்ன இணைப்புத் துண்டு கிடைக்கும், தொந்தரவே இல்லை என்றார்.

இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கருத்துக் கேட்டேன். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பாடாலூர்க்காரர், "அமெரிக்கான்னா ஒரு கெத்து இருக்குங்க" என்றார். டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்த ஒரு பெரியவர், "ஐரோப்பான்னு தனியா ஒரு நாடு இருக்கா?" என்றார். எதிரே டீக்கடைக்காரர், "மெதுவா ஓடுற பொட்டியவா மாப்ளைக்குக் குடுப்பாங்க? எருமமாடு குடுத்த மாதிரி ஆயிடும்" என்றார்.

நான் ஜப்பான் பெட்டியை வாங்கினேன். வேகத்துக்காக என்று வீட்டில் சொன்னேன். கேசட் நேராக நுழைவதற்காக என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. ஜப்பான் பெட்டியின் இரண்டாவது ரிமோட்டில் ஒரு குட்டி மைக் உண்டு. அதில் பேசினால் டிவியில் நம் குரல் வரும். அமெரிக்கப் பெட்டியில் அது கிடையாது. ஐரோப்பியப் பெட்டியிலும் கிடையாது. அதைப் படித்த நிமிடமே எனக்குள் முடிவாகிவிட்டது.

"கரண்ட் விஷயம் தெரியும்ல சார்?" என்று கேட்டார் சென்னைக்காரர்.

"நமக்குக் கடையே இருக்கு சார்" என்று பதில் போட்டேன். கைகூப்பும் படம் ஒன்றையும் சேர்த்து.

பெட்டி வந்தது. உள்ளே எங்கோ ஒரு புண்ணியவான் வேலை பார்த்து, நம் டிவியில் மஞ்சள் ஒயர் குத்தும்படி மாற்றியிருந்தான். கூடவே கனமான அடாப்டர். அதன்மேல் எல்லாம் ஜப்பான் எழுத்து. எனக்குப் படிக்கத் தெரிந்தது 'நூறு' என்ற எண் மட்டும். (நூற்றுக்கு நூறு தரம் என்று எடுத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.) தட்டையான இரண்டு கால், நம் பிளக் பாயின்டில் நுழையாது. என் கடையில் தொங்கிக்கொண்டிருந்த மாற்றுப் பின் ஒன்றை எடுத்து மாட்டினேன். சரியாகப் பொருந்தியது. வெளிநாட்டுச் சாமான் கொண்டுவருகிறவர்களுக்கு எத்தனை பின் விற்றிருக்கிறேன்! பின்னை மாற்றினால் நம் இருநூற்று முப்பது வோல்ட் கரண்டும் அந்த நூறாக மாறிவிடும் என்றுதான் நம்பியிருந்தேன் போல.

ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். சுவிட்ச் வரைக்கும் கை போனது. அம்மா தடுத்துவிட்டார்.

"டேய், சீர் சாமான்டா. மாப்ள கைபடுறதுக்கு முன்னாடி நீ போட்டு ஆடுனா அப்பறம் அது பழசு. எடு கைய."

மாப்பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஜப்பானில் யாரோ ஆடித் தேய்த்த பெட்டி அது. சொல்லவில்லை. அம்மா பெட்டிக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். அடாப்டர் மட்டும் மொட்டையாக இருக்கிறதே என்று அதற்கு மல்லிகைச் சரம் சுற்றினார்.

தீபாவளிக் காலை. எண்ணெய்க் குளியல் முடிந்து, புது வேட்டியில் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். நான் முன்கூட்டியே பரப்பியிருந்த சேதியால் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, நடுவில் ஜப்பான் பெட்டி. மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய மஞ்சள் கேசட்டை எடுத்தார். வாயருகே கொண்டுபோய் ஒரு ஊது ஊதினார். அழுத்தினார். சுவிட்சைத் தட்டினார்.

வந்தது! டிவியில் விளையாட்டுகளின் பெயர்ப் பட்டியலும் பின்னால் அந்த டிங்டிங் பாட்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். முதல்முறையாக அந்த மனிதர் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். சுதா சமையற்கட்டு வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு ஒரு அதிரசத்தைத் தின்றிருக்கலாம்.

இரண்டாவது ரிமோட்டை எடுத்தேன். "ஹலோ… ஹலோ…" டிவிக்குள்ளிருந்து என் குரல் கரகரவென்று வந்தது. கூட்டம் "அட!" என்றது. அந்த ஒரு 'அட' போதும் எனக்கு.

"அரியலூர் தந்த அன்பு மாப்பிள்ளை அவர்களே! பெரியோர்களே! ஜப்பான் தேசத்திலிருந்து, கடல் கடந்து, மலை கடந்து…"

கூட்டத்தில் சிலர் கையை ஆட்டினார்கள். நானும் பதிலுக்கு ஆட்டினேன்.

"மச்சான்…" என்றார் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை கூச்சப்படுகிறார்" என்றேன் மைக்கில்.

"மச்சான், பின்னாடி, பின்னாடி!"

"பின்னாடி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கிறதா?" என்றேன்.

கருகிய மல்லிகையின் வாசனையை முகர்ந்திருக்கிறீர்களா? முதலில் கோயில் நினைவு வரும். அப்புறம் ஆஸ்பத்திரி நினைவு வரும். திரும்பிப் பார்த்தபோது அடாப்டரிலிருந்து புகை சரம் சரமாக எழுந்துகொண்டிருந்தது. அம்மா தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். "அத்தே, தண்ணி வேணாம்!" என்று கத்திக்கொண்டே மாப்பிள்ளை புது வேட்டி தடுக்க ஓடி மெயின் சுவிட்சை இறக்கினார். மின்விசிறி நின்றது. டிவி அணைந்தது. என் வாய் மட்டும் நிற்கவில்லை. டிவியின் துணையில்லாமல், என் சொந்தக் குரலில், நிசப்தமான கூடத்தில், "…எங்கள் வீட்டில் எதைச் செய்தாலும் தரமாகத்தான் செய்வோம்" என்று முடித்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா எழுந்தார். "எல்லாரும் வெடிய வாசல்ல வெப்பாங்க. இவன் சந்தனம் பூசி நடுவூட்லயே வெச்சுட்டான்" என்றார். தெரு சிரித்துக்கொண்டே கலைந்தது.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கேசட்டை மெல்லப் பிடுங்கி எடுத்தார். முகர்ந்து பார்த்தார். சூடு இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார். வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

நான் மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன், ஏதோ வேலை இருப்பது போல. சுதா வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அந்தக் கேசட்ட என்னையே தொடவுட மாட்டாருண்ணே. ஒன்ன நம்பி எடுத்தாந்தாரு."

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்டது அவமானம் என்று இத்தனை நாளும் சொல்லிவருகிறேன். அது சின்ன வார்த்தை. ஒரு மனிதர் தன் அப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். நான் அவரை மைக் பிடிக்க ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன்.

கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏன்டா, ஒன் கடைப் பரண்ல பிளாஸ்டிக்ல ஒரு பொட்டி தூசி புடிச்சுக் கெடக்கே, விக்கவே இல்லன்னு பொலம்புவியே, அதுவும் இந்தக் கேசட்டு போடுறதுதான?"

தொட்டிக்குள் தலையை விட்டபடியே நின்றேன். ஜப்பானா, அமெரிக்காவா, ஐரோப்பாவா என்று ஊரைக் கூட்டி விவாதித்தவனின் கடைப் பரணில், நம் ஊர்க் கரண்டில் ஓடும், நம் ஊர்க் கேசட்டே நுழையும் சைனா பெட்டி ஒன்று இருந்தது. 'டூப்ளிகேட்' என்று நானே அதை மேலே தூக்கிப் போட்டிருந்தேன்.

போய் எடுத்துவந்தேன். துடைத்து, தலை நிமிராமல் மாப்பிள்ளை முன்னால் வைத்தேன். பிளக்கைச் சொருகக் குனிந்தேன்.

"சுதா," என்றார் மாப்பிள்ளை, "ஒங்க அண்ணன் கையப் புடிச்சுக்க."

அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையையும். (இன்றைக்கும் எங்கள் வீட்டில் மிக்ஸி போடுவதென்றாலும், சீரியல் பல்பு மாட்டுவதென்றாலும், "மொதல்ல அண்ணன் கையப் புடிங்க" என்று யாராவது குரல் கொடுக்காமல் இருப்பதில்லை. போன மாதம் மாப்பிள்ளையின் அம்மாவே என் கையைப் பிடித்தார். அவர்கள் வீட்டு கிரைண்டருக்காக.)

மாப்பிள்ளையே மெயின் சுவிட்சை ஏற்றி, பிளக்கைச் சொருகினார். கேசட்டை அழுத்தினார். சுவிட்சைப் போட்டார். டிவியில் வெறும் சாம்பல் நிறம்.

சுதாவின் நகம் என் மணிக்கட்டில் அழுந்தியது. அவர் கேசட்டை எடுத்தார். கண்ணை மூடி நீளமாக ஒரு ஊது ஊதினார். மறுபடி வைத்தார். சாம்பல் நிறம். மறுபடி எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, மறுபடி ஊதினார்.

டிங்டிங் என்று பாட்டு வந்தது.

சுதா என் கையை விட்டாள். மாப்பிள்ளை அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இரண்டாவது ரிமோட்டைக் கையில் எடுத்தார். முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மைக் எதுவும் இல்லை என்று நன்றாக உறுதி செய்துகொண்டு, என்னிடம் நீட்டினார்.