வெயிலில் நிறம் பார்த்த பல்

மாதா துணை
சின்ன காஞ்சிபுரம்

பாசமுள்ள தங்கை கங்கையம்மாளுக்கு அண்ணன் அந்தோணி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் மூட்டுவலியும் கறவை மாடும் எப்படி என்று எழுதச் சொல். இதை உனக்குப் படித்துக் காட்டும் பேத்தி ஏஞ்சல் மெதுவாகப் படிக்கட்டும். நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஒரு எழுத்தைப் போட்டுவிட்டு, சாயத்தொட்டியிலிருந்து தூக்கிய பட்டு சொட்டி முடிகிறவரை பார்த்துக்கொண்டிருப்பேனே, அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு பூசையில் நான் பைபிள் வாசகம் படிக்க வேண்டுமாம். சாமியாரே கேட்டார். போன வருசம்வரை கட்டைவிரல் வைத்த ஆள் நான். அவர் கேட்டதிலிருந்து தரையில் நடக்கிற மாதிரியே இல்லை. ஆனால் முன்பல்லின் ஓரம் சொத்தையாகி உதிர்ந்துவிட்டது. ‘சகோதரரே’ என்று ஆரம்பித்தால் விசில் முன்னே போகிறது, நான் பின்னே போகிறேன். முதியோர் வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். கோயிலிலும் சிரித்தால் என்ன செய்வேன்? அதனால் மகன் ஜோசுவா பல் டாக்டர் கலைவாணியிடம் கூட்டிப்போனான்.

பல்லை அடைக்கப் பல தினுசு இருக்கிறதாம். வெள்ளி கலந்தது உறுதியானது, ஆனால் முன்பல்லில் கருப்பாகத் தெரியும். கண்ணாடித்தூள் கலந்த சிமெண்ட் சீக்கிரம் தேயும். தங்கம் என்றதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்; பீடத்தில் நின்று படிக்கிறேன், வாய் திறக்கும்போதெல்லாம் ஜரிகை மின்னுகிறது. அதைச் செய்து வர நாளாகும், ஞாயிறு தாண்டிவிடும் என்று டாக்டர் எழுப்பிவிட்டார். கடைசியில் பல் நிறத்திலேயே வைப்பது என்று முடிவானது. வெற்றிலைக் கறையை முதலில் சுத்தம் செய்யலாமா என்றார். நாற்பது வருசம் ஏற்றிய நிறம், போகாத சாயம், தொடக்கூடாது என்றேன்.

பிறகு வரிசையாகப் பொய்ப்பல் கோத்த ஒரு அட்டையைக் கொடுத்து நிறம் பார்க்கச் சொன்னார். விளக்கு வெளிச்சத்தில் யாராவது நிறம் பார்ப்பார்களா? கழுத்தில் கட்டிய துணியோடு தெருவுக்கு வந்து, வெயிலில் நின்று, அட்டையை வாயோரம் பிடித்துக்கொண்டேன். ஜரிகைக் கடை ஷரீஃப் பாய் வண்டியை நிறுத்தினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள். ஆளுக்கொரு பல்லைச் சொன்னார்கள். பாய் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “பொடவை பார்டர் உடம்பு நிறத்தோட ஒட்டிக்கினு இருந்தா அது காஞ்சிபுரமே இல்லபா. பால்வெள்ளை வையி” என்றார்.

டாக்டர் வாசலுக்கே வந்துவிட்டார். “தாத்தா, இது பல்லு, பொடவை இல்ல. பக்கத்துப் பல்லோட கலந்து போனாத்தான் அழகு.”

“எனக்குக் கலக்க வேணாம்மா. தெரியணும்” என்றேன்.

ஊசி போட்டதும் உதடு எங்கோ திருப்பருத்திக்குன்றம் பக்கம் போய்விட்டது. ஒரு நீல விளக்கை வாய்க்குள் காட்டினார். மயில்கழுத்து நீலம், தங்கச்சி. நான் தொட்டிக்குள் பட்டாக அமிழ்ந்துகொண்டிருந்தேன், ஆவி எழும்பிக்கொண்டிருந்தது, என்னை யாரோ மெல்லப் புரட்டிப் போட்டார்கள். எழுந்து ‘சகோதரரே’ என்றேன். காற்று வரவில்லை, வார்த்தை மட்டும் வந்தது. கண்ணாடியில் பார்த்தால், காவி உடம்பில் ஒரே ஒரு வெள்ளைக் கட்டம்!

நீ பூசைக்கு வந்து முன்வரிசையிலேயே உட்கார். எங்கிருந்து பார்த்தாலும் அந்தப் பல் தெரியும். வெற்றிலை மட்டும் கொண்டுவராதே. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவதாக டாக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் வீட்டில் பாலும் பேச்சும் குறையாமல் இருக்கட்டும் என்று மாதாவை வேண்டும்,
அண்ணன்
அந்தோணி (நானே போட்ட கையெழுத்து)

பின்குறிப்பு: பளபளப்பாக்க இன்று திரும்ப வரச்சொன்னார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் அதே நீலம். டாக்டர் ஏதோ கேட்டார், நான் தொட்டிக்குள் இருந்தபடியே தலையாட்டினேன். விழித்தால் அத்தனை பல்லும் வெள்ளை. போகாத சாயம் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. புதுப் பல் எது என்று எனக்கே தெரியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பல்லைத் தேடாதே, நான் படிப்பதை மட்டும் கேள். வரும்போது நல்ல வெற்றிலை ஒரு கட்டு கொண்டு வா. பூசை முடிந்ததும் பழைய நிறத்தை மறுபடி ஏற்ற ஆரம்பிக்கிறேன்.