இருபது மைக்ரோனும் ஒரு வண்டி ரமழான் மலரும்

பேரைப் போடாமல் ரமழான் மலரில் கட்டுரை எழுதிய பெரிய மனுசரே, குற்றவாளி நீங்கள்தான்! மாத்தளை டவுனில் மானத்தோடு பலசரக்குக் கடை நடத்திவந்த அப்துல் ஸமத், இன்றைக்குப் பெண்சாதி முன்னால் கைகட்டி நிற்கிறார் என்றால் அதற்கு அரசாங்கம் காரணமில்லை. நீங்கள்தான் காரணம்.

அரசாங்கம் செய்தது சின்னக் காரியம். 2007 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து இருபது மைக்ரோன் தடிப்புக்குக் குறைந்த பொலித்தீன் சொப்பிங் பேக் கடைகளில் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. எதிர்க்கடை இராசலிங்கம் அடுத்த நாளே கண்டிக்குப் போய்த் தடித்த பைக்கு ஓர்டர் கொடுத்துவிட்டு வந்தார். ஸமதுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கண்ணுக்கே தெரியாத தடிப்புக்கு ரெட்டை விலையா?

"ஒரு சதம் கூலி இல்லாம கடதாசிப் பை செஞ்சு காட்டுறேன்! ஜனவரி ஒண்ணு காலையில என்ட கடையில மூவாயிரம் பை தொங்கும். தொங்காட்டி, உங்கட கடைக்கு வந்து மூட்டை தூக்குறேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

"எனக்கும் ஒரு ஆள் தேவைதான் முதலாளி" என்றார் இராசலிங்கம், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு.

கூலி இல்லாத கை என்று ஸமத் மனதில் வைத்திருந்தது மனைவி நூருன்னிஸாவின் கையை. கடதாசிக்குப் பக்கத்து வீட்டுப் பத்திரிகை ஏஜன்ட் ஜுனைதீன். அவரிடம் விற்காமல் தேங்கிய பழைய பத்திரிகை ஒரு வண்டி கிடந்தது. ஜுனைதீன் விலை சொன்னார். ஸமத் படியிறங்கினார். ஜுனைதீன் கூப்பிட்டார். மறுபடி இறங்கினார், மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தடவை இறங்கியபோது விலை பாதியாகிவிட்டது. பத்து வயதில் சந்தையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஸமத் படித்த ஒரே படிப்பு அதுதான். அவர் படியிறங்கினால் திரும்பக் கூப்பிடாத மனுசன் மாத்தளையில் இன்னும் பிறக்கவில்லை.

வீட்டில் பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்தார். கோதுமை மாப் பசையைக் கரைத்தார். "ம், மடி" என்றார்.

நூருன்னிஸா முதல் தாளைத் தூக்கிப் பார்த்தாள். உடனே முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"என்னங்க, இது ரமழான் மலர்! குர்ஆன் ஆயத்தெல்லாம் ஈக்கு. இதுலயா கருவாடு கட்டிக் குடுக்கப் போறீங்க?"

ஸமத் அடுத்த தாளை உருவினார். மலர். அதற்கடுத்ததை உருவினார். அதுவும் மலர். வண்டி முழுக்க மலர். ஜுனைதீன் பாதி விலைக்கு ஏன் கொடுத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"எல்லாப் பக்கத்துலயுமா ஈக்கும்? விளம்பரப் பக்கம் ஈக்குமே, சமையல் பக்கம் ஈக்குமே!"

"ஈக்கும். ஆனா கண்ணாடி இல்லாம எனக்குச் சின்ன எழுத்து தெரியாதே. நீங்க வாசிச்சுச் செல்லுங்க. அல்லாஹ்ட பேர் இல்லாட்டி மடிக்கிறேன்."

"மேலால ஒரு பார்வை பாத்தாப் போதாதா?"

"மறுமையில நீங்க பதில் செல்றதா ஈந்தா, எனக்குப் போதும்."

அதன்பிறகு ஸமத் வாதாட வாயைத் திறக்கவில்லை. வாசிக்கத்தான் திறந்தார்.

பகல் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்து வாசித்தார். பிறை பார்ப்பது பற்றி வாசித்தார். ஸகாத் பற்றி வாசித்தார். நோன்புக் கஞ்சிக்கு எத்தனை பல் பூண்டு என்பதையும் வாசித்தார், அதன் அடியிலும் அல்லாஹ்வின் பேரோடு ஒரு துஆ இருந்தது. பேரீச்சம்பழ விளம்பரத்தைக்கூட நம்ப முடியவில்லை. இரண்டு நாளில் தொண்டை கட்டியது. தேறியது பதினொரு பை. பதினொன்றும் சவர்க்கார விளம்பரம்.

மூன்றாம் நாள் நூருன்னிஸா, எழுதியவர் பேரில்லாத ஒரு கட்டுரைப் பக்கத்தை எடுத்து நீட்டினாள். "இதைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க."

"'கணவனின் வியாபாரத்தில் உழைக்க மனைவி கடமைப்பட்டவள் அல்லள்...'"

ஸமத் நிறுத்தினார்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? மார்க்க விசயம், பாதியில விடக்கூடாது."

"'...அவள் உழைத்தால் கூலி அவளுக்கே உரியது. அவள் மனம் விரும்பாமல் கணவன் அதில் ஒரு சதமும் தொடலாகாது.'"

வேலிக்கு அப்பாலிருந்து ஜுனைதீனின் மனைவி ஹவ்வா எட்டிப்பார்த்தாள். "அந்தப் பக்கம் இன்னைக்குத்தான் வந்திச்சா? ரெண்டு நாளாக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன், ஸமத் நானா!"

"நீ ஏன் நிக்கிற?"

"மலர்க் கட்டை உங்களுக்கு விக்கச் சொன்னதே நூரு ராத்தாதானே! 'மொதல்ல ரெட்டிப்பாச் செல்லுங்க, அவர் மூணு தரம் படியிறங்குவார், அப்ப பாதிக்குக் குடுங்க'ன்னு எங்கட வீட்டாளுக்குச் சொல்லிக் குடுத்தாங்களே!"

ஸமத் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "உன்ட கண்ணாடி?"

"அதுவா? அடுப்படியில ஈக்கு."

பிறகு நூருன்னிஸா அவரை ஹவ்வா வீட்டுக்குக் கூட்டிப் போனாள். உள்ளறையில் கூரை முட்ட, பெண்கள் இருவரும் மடித்து ஒட்டிய கடதாசிப் பை. எல்லாம் கிரிக்கெட் பக்கம், சினிமாப் பக்கம், அரசியல்வாதிகளின் பேச்சு. ஒரு பக்கத்திலும் புனிதம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சரியாக மூவாயிரம். நூருன்னிஸா விலை சொன்னாள்.

"கொள்ளை!" என்று ஸமத் குதித்தார். "வீட்டுக்காரனுக்கே இந்த விலையா?"

"இராசலிங்கம் அண்ணனும் கேட்டு அனுப்பியிருக்கார்."

ஸமத் படியிறங்கினார். சத்தமில்லை. தானாகவே திரும்பி ஏறி, மறுபடி இறங்கினார். உள்ளே ஹவ்வா தேத்தண்ணிக்குச் சீனி போடட்டுமா என்று நூருன்னிஸாவிடம் கேட்டாள். மூன்றாம் தடவை கடைத்தெருவரைக்கும் போனார். அங்கே நின்று சாரனை அவிழ்த்துக் கட்டினார். எதிரில் இராசலிங்கம் ஒரு வெற்றுச் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தார், மூட்டை தூக்கும் தோளுக்குப் போடுகிற மாதிரி.

ஸமத் திரும்பி வந்தார்.

"வந்துட்டீங்களா?" என்றாள் நூருன்னிஸா. "இப்ப ஒரு பைக்குப் பத்து சதம் கூடிப்போச்சு."

ஜனவரி ஒன்று காலையில் கடையில் மூவாயிரம் பை தொங்கியது. மானம் தப்பியது. ஆனால் பை பெப்ரவரி வரைக்கும் காணாது, அடுத்த கட்டுக்கு அவள் என்ன விலை சொல்வாளோ என்று ஸமத் இப்போதே கடைக்கு வருகிறவர்களைக் கூடை கொண்டுவரச் சொல்கிறார்.

ஆகவே பெரிய மனுசரே, கெடுத்த நீங்களே இதை நேராக்கித் தர வேண்டும். புருசன் பேரம் பேசினால் பெண்சாதி கொஞ்சமாவது குறைக்கத்தான் வேண்டும் என்று அரைப்பக்கம் எழுதுங்கள். இந்தத் தடவை பேரையும் போடுங்கள். எழுதியதைக் கடை விலாசத்துக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வந்தால், எந்தப் பக்கத்தை ஸமதுக்கு வாசிக்கக் கொடுப்பது என்று அவள்தான் முடிவு செய்வாள்.