மீசை வைத்த மேரி

ஹட்டனைச் சுற்றியிருக்கிற தேயிலைத் தோட்டங்களில் மேரி என்ற பெயரில் நூறு பேராவது இருப்பார்கள். ஆறடி உயரமும், முறுக்கிவிட்ட மீசையும், வருஷம் தவறாமல் காவடி எடுக்கிற பழக்கமும் கொண்ட மேரி எங்கள் தோட்டத்தில் மட்டும்தான் உண்டு. தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் மாரி. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரே லயத்து வரிசையில், அடுத்தடுத்த காம்பராக்களில் வளர்ந்தவர்கள் அவரும் அந்தோணியும். வேலைக்கும் ஒன்றாகவே இங்கே வந்தார்கள். பெயர் பதிந்த கிளாக்கர் அப்போது புதியவர். ஆங்கிலத்தில் ‘மாரி’ என்று எழுதியதும் எழுத்து தப்பு என்று அவருக்கே தோன்றி, ‘மேரி’ என்று திருத்திவிட்டார். அந்தோணிக்குப் பக்கத்தில் மேரி என்றால் வேறு யாராக இருக்கும்? எதிரே நின்ற மீசையை நிமிர்ந்தும் பார்க்காமல், ‘பெண், மனைவி’ என்று எழுதிக் குடும்பக் காம்பரா ஒன்றையும் ஒதுக்கிவிட்டார். தனி ஆண்கள் எட்டுப் பேர் ஒரே காம்பராவில் அடைந்து கிடந்த காலம் அது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கிளாக்கர், “மேரி” என்று கூப்பிட்டார். இடி மாதிரி ஒரு குரல், “இருக்கேங்க” என்றது. கிளாக்கர் கையிலிருந்த பேனா சேற்றில் விழுந்தது. அதற்குள் தோட்டத்துப் பெரிய தொரை பெயர்ப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. தொரைக்கு முன்னால் போய்த் தன் தப்பை ஒப்புக்கொள்வதைவிட, மாரியை மேரியாகவே வைத்துக்கொள்வது கிளாக்கருக்கு லேசாகப் பட்டது. அன்றைக்கே மேரி தலையில் கூடையை மாட்டிக்கொண்டு பெண்களோடு கொழுந்தெடுக்கப் போனார். மூன்றே மாதத்தில் அவரை முந்த அந்த மலையில் ஆள் இல்லை.

நான் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியன். பிழையைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பென்சிலைத் தேடும். மனு எழுதித் தருகிறேன், பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று அவரை விரட்டி விரட்டிச் சொன்னேன்.

“திருத்துனா காம்பரா போயிரும்ங்க மாஸ்டர். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கெடக்கணும்.”

“பொம்பளைச் சம்பளம்தானே தர்றாங்க உங்களுக்கு?”

“அந்தோணி ஆம்பளைச் சம்பளம் வாங்குறான்ல. குடும்பம்னா அப்படித்தாங்க.”

குடும்பம்தான். அந்தோணி குழம்புக்கு உப்புப் போட மறந்த நாளில், இந்த ஆளைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே என்று லயம் முழுக்கக் கேட்கும்படி மேரி அலுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அந்தோணியோடு போய்க் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து தூங்குவார். காவடி நாளில் அந்தோணி செம்போடு பின்னாலேயே வந்து அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவார். பெண் கொடுக்க ஒருவர் வந்தபோது அந்தோணி, “வீட்ல ஏற்கெனவே ஒருத்தி இருக்காளே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

என் மனைவி இறந்தபோது மகள் தவழ்கிற குழந்தை. நான் கேட்கவே இல்லை, அவர்களே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தோணிக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அதனால் பகலில் அவர், கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தபின் மேரி, இருட்டினால் நான். மகள் என்னை அப்பா என்பாள், அந்தோணியைச் சின்னப்பா என்பாள். மேரியை மேரி என்றுதான் கூப்பிடுவாள்.

போன மாதம் அடைமழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு நாள் மத்தியானம் வலிப்பும் வந்து, பிறகு கை கால் துவண்டு போயிற்று. மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. லொறி போகாது. தோட்டத்து மருந்து ஐயா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி, மேரிக்கு ஆள் அனுப்பிவிட்டு, தன் பெயர்ப் புத்தகத்தைப் பார்த்து அவசர அவசரமாக ஒரு துண்டுச் சீட்டு எழுதினார். நான் பிள்ளையைப் பிடித்தபடி நின்றேன்.

மலையிலிருந்து ஓடிவந்த மேரி, கூடையிலிருந்த கொழுந்தை அப்படியே தரையில் கொட்டினார். கம்பளியை உள்ளே விரித்துப் பிள்ளையை உட்கார வைத்து, கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு சரிந்த மண்மேல் ஏறினார். ஹட்டன் வரை அந்தோணியும் நானும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் சிங்கள நர்ஸ் ஒருவர் பிள்ளைகள் வார்டு வாசலில் எங்களை மறித்தார். தாயைத் தவிர வேறு யாரும் உள்ளே தங்கக் கூடாதாம். “அம்மா கோ?” என்றார். அம்மா எங்கே என்று கேட்கிறார். மேரியின் தோளில் கிடந்த மகள் அவர் மீசையை ஒரு கையால் பிடித்திருந்தாள். பிரித்தெடுக்கப் பார்த்தால் அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

அந்தோணி மருந்து ஐயாவின் துண்டை நீட்டினார். அதில் ‘பிள்ளையுடன் வருபவர்: மேரி, பெண்’ என்று இருந்தது.

“யார் மேரி?” நர்ஸ் தமிழிலேயே கேட்டார்.

“நாந்தாங்க.”

நர்ஸ் துண்டைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். மீசையைப் பிடித்திருந்த சின்னக் கையைப் பார்த்தார். பிறகு தன் மேலுதட்டைத் தொட்டு, “அப்ப இது?” என்றார்.

“எங்க மலையில குளிரு ஜாஸ்திங்க சிஸ்டர். எல்லாருக்கும் மொளைச்சிரும்.”

நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. திரும்பியபோது முகம் பழையபடி கண்டிப்பாக இருந்தது.

“அம்மா உள்ளே. அப்பா ரெண்டு பேரும் வெளியே.”

மூன்று நாள் வெளியே கிடந்தோம். மூன்றாம் நாள் காலை, “மேரி, கொறட்டை விடாத” என்று சன்னல் வழியாக ஓர் அதட்டல் கேட்டது. என் மகளின் குரல். படிக்கட்டில் உட்கார்ந்து நான் அழுதேன். அந்தோணி தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுத்து, “அழுங்க மாஸ்டர். நான் மொத நாளே அழுது முடிச்சிட்டேன்” என்றார்.

மகள் இப்போது ஓடித் திரிகிறாள். நான்தான் இன்னும் மழைச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

போன வாரம் தோட்டத்துப் பெயர்ப் புத்தகத்தைப் புதிதாக எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. தலை நரைத்துவிட்ட அதே கிளாக்கர், எழுதி முடித்ததை என்னிடம் கொண்டுவந்து பிழை பார்த்துத் தரச் சொன்னார். ஆறுமுகத்தின் பெயரில் ஒன்று, செபமாலையின் பெயரில் ஒன்று என்று சிவப்புப் பென்சிலால் திருத்திக்கொண்டே வந்தேன். ‘மேரி, பெண்’ என்ற இடத்தில் பென்சில் நின்றது.

கிளாக்கர் என் முகத்தையே பார்த்தார். “இதுல மாஸ்டர்?”

“இதுல ஒரு பிழையும் இல்லைங்க” என்று பக்கத்தைப் புரட்டினேன்.