தண்ணீர் கேட்காத டிராக்டரும் அதில் குடியிருந்த எலியும்

ஒரு காட்டில் ஒரு கரடி உழுது பிழைத்துவந்தார். காடு என்றதும் புலி உறுமுகிற காடு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலத்தையும் காடு என்றுதான் சொல்வோம். இது அந்த மாதிரிக் காடு. புலியெல்லாம் எப்போதோ நிலத்தை விற்றுவிட்டு டவுனில் போய் செட்டிலாகிவிட்டது.

கரடியின் பெயர் தேனப்பன். நல்ல உழைப்பாளி, வாய்தான் கொஞ்சம் நீளம். அவரிடம் ஒரு பழைய டீசல் டிராக்டர் இருந்தது. அதற்கு ரேடியேட்டர் கிடையாது. தண்ணீரே ஊற்ற வேண்டாம். முன்பக்கம் ஒரு காத்தாடி சுற்றும், தகர மூடிக்குள்ளே காற்றை ஊதும், அந்தக் காற்று இஞ்சினைச் சுற்றியிருக்கிற தகடுகளுக்கு நடுவே புகுந்து சூட்டை வெளியே தள்ளிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அதை ஸ்டார்ட் பண்ணுவது தனிக் கூத்து. ஹேண்டிலைச் செருகி, முதலில் "என் ராசா, என் தங்கம்" என்று கொஞ்சிக்கொண்டே சுற்ற வேண்டும். அதற்கெல்லாம் மசியாது. அப்புறம் அதை இவர் தலையில் கட்டிய காட்டெருமையையும், காட்டெருமையின் மாமனார் வீட்டையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே சுற்ற வேண்டும். மாமனார் வீடு வரும்போது சரியாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் போடுகிற சத்தம் இருக்கிறதே, அடுத்த ஊர்க் கல்யாணத்தில் மேளக்காரருக்குத் தாளம் தப்பும். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி, தேனப்பனும் அவர் சம்சாரம் பேச்சியம்மாளும் வண்டி நிற்கும்போதும் கத்தியேதான் பேசுவார்கள். "குழம்புல உப்பு இல்லட்டி!" என்று இவர் வீட்டுக்குள் சொன்னால், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குரங்கு எழுந்துபோய் உப்பு ஜாடியைத் தேடும்.

காட்டில் மற்றவர்களிடம் இருந்ததெல்லாம் தண்ணீர் குடிக்கிற டிராக்டர்கள். அதிலும் பன்றி பால்பாண்டி வைத்திருந்தது புத்தம் புதுசு. அதில் ஒரு திரை உண்டு. இஞ்சின் சூடானால் ஒரு பெண்குரல், "சூடு அதிகமாக உள்ளது. தயவுசெய்து நீர் நிரப்பவும்" என்று சொல்லும். பால்பாண்டியிடம் அவர் வீட்டில் யாரும் தயவுசெய்து என்று ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. அந்தக் குரல் கேட்டதும் மனுஷன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்கு ஓடுவார். அங்கே ஏற்கெனவே பெரிய க்யூ நிற்கும்.

அந்த க்யூவைப் பார்த்தால் தேனப்பனுக்கு இருப்புக் கொள்ளாது. வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்.

"என்ன பால்பாண்டி, வண்டிக்குத் தாகமா? ஒரு கலர் சோடா வாங்கி ஊத்திப் பாரும்வே!"

"போங்க அண்ணாச்சி. உங்களுக்கும் ஒரு நேரம் வரும்லா."

"எனக்கா? என் வண்டி பச்சத்தண்ணி பல்லுல படாம உழும்!"

வருஷம் முழுக்க இதே பேச்சு. ஆனால் அந்தத் தகர மூடியை ஒருநாளாவது கழற்றி, உள்ளே காற்றுப் போகிறதா என்று பார்த்தாரா? பார்க்கவில்லை. தண்ணீர் கேட்காத வண்டி வேறெதுவும் கேட்காது என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார்.

ஆடி மாதம் ஒருநாள் விடியற்காலையில் ஒரு மழை பெய்தது. நல்ல மழை. ஆனால் அந்த மண்ணில் ஈரம் மறுநாள் சாயங்காலம் வரைக்கும்தான் நிற்கும். அதற்குள் உழுது கடலை போட்டாக வேண்டும். பேச்சியம்மாள் விதைக்கடலை முழுவதையும் தோடு உடைத்து, பொறுக்கி, பெட்டியில் ரொப்பி வைத்திருந்தாள். உடைத்த விதை அடுத்த மழைவரை தாங்காது. இந்த ஈரத்தை விட்டால் அது செக்குக்குத்தான் போகும், வருஷம் முழுக்க அரை வயிறுதான்.

அன்று காலையிலேயே தேனப்பன் கொஞ்சினார், திட்டினார், மாமனார் வீடு வந்தது, வண்டி பிடித்துக்கொண்டது. முதல் சால் ஜம்மென்று போனது. இரண்டாவது சாலில் ஆயில் கருகுகிற வாடை வந்தது. மூன்றாவதில் இஞ்சின் கடகடவென்று இருமி, இழுக்க மாட்டாமல் நின்றுபோனது. ஆறவிட்டு மறுபடி எடுத்தார். பாதி சால்கூடத் தாண்டவில்லை. மூடியில் கை வைத்தவர் "ஆத்தே!" என்று உதறினார்.

வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து பால்பாண்டி எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, வண்டிக்குத் தாகமா?"

தேனப்பனுக்கு வந்த எரிச்சலுக்கு இஞ்சின் சூடே தேவலாம்.

மரங்கொத்தி மெக்கானிக் அந்தோணியைக் கூட்டிவந்தார்கள். அவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "இஞ்சினை இறக்கிருவோமா?" என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரு வைத்தியம்தான். சைக்கிள் பஞ்சருக்குக்கூட அதைத்தான் கேட்பார்.

"இறக்கினா ஏத்த எத்தன நாள் ஆகும்?" என்று கத்தினாள் பேச்சியம்மாள்.

"ஏத்துறதப் பத்தி யாரு பேசினா?"

சரி, இறக்குவதற்காகவாவது மூடியைக் கழற்றட்டும் என்று விட்டார்கள். கழற்றினால், உள்ளே காற்றுப் போக ஒரு துளி இடமில்லை. வைக்கோல், பஞ்சு, கடலைத்தோடு, போன பொங்கலுக்குக் காணாமல்போன தேனப்பனின் பட்டுக்கரை வேட்டி, எல்லாம் மெத்தென்று அடைத்துக்கிடந்தது.

"இந்த வேட்டிக்காகத்தான என்னய அந்தப் பேச்சுப் பேசினீக!" என்றாள் பேச்சியம்மாள். தேனப்பன் வானத்தைப் பார்த்தார்.

அதற்குள் வேட்டிக்கரையை விலக்கிக்கொண்டு ஒரு எலி தலையை நீட்டியது. "யாரது, பெல் அடிச்சிட்டு வரமாட்டீங்களா? குடும்பம் இருக்கிற வீடு!"

"வீடா? இது என் டிராக்டர்!"

"ஓ, நீங்கதான் ஹவுஸ் ஓனரா? வணக்கம் அண்ணாச்சி. என் பேரு வேலுக்கனி. போன அறுவடைக்கு அப்புறம் வந்தோம். காத்தோட்டமான வீடுன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தோம், ஆனா காலையிலருந்து வீடே ஆடுது, சுவரெல்லாம் கொதிக்குது. ஓனர்னா இதெல்லாம் கவனிக்கணும்லா?" என்று சொல்லிக்கொண்டே ரேஷன் கார்டை எடுத்துக் காட்டியது. அதில் விலாசம் தெளிவாக இருந்தது: காத்தாடி மூடி, தேனப்பன் டிராக்டர், மேட்டுக்காடு.

தேனப்பனுக்குக் கண் சிவந்தது. கூட்டை அப்படியே அள்ளி எறியக் கையை விட்டார். விரலில் ஏதோ பஞ்சு மாதிரி நெளிந்தது. வேட்டித் துணிக்கு நடுவில், கண்கூடத் திறக்காத குட்டிகள் ரோஸ் நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று அவருடைய நகத்தைப் பிடித்துச் சப்பிப் பார்த்தது. பாவமாகத்தான் இருந்தது. எவ்வளவு கோபம் இருந்தாலும் அவரால் அள்ள முடியவில்லை.

"கைய எடுங்க. பச்சப்பிள்ளைகள ஈரத்துல போடுவீகளா?" என்றாள் பேச்சியம்மாள்.

"அப்ப உழவு?"

"பஞ்சாயத்து ஆபீசுல போயி முறைப்படி கேளுங்க. அவுகளே வேற இடம் குடுத்துக் காலி பண்ண வைக்கட்டும்."

ஆபீசில் கொக்குதான் அதிகாரி. எந்த மனுவைக் கொடுத்தாலும் முடியாது என்று ஒற்றைக்காலில் நிற்பவர். தேனப்பன் க்யூவில் நின்று, உட்கார்ந்து, கொஞ்சம் தூங்கி, எழுந்து முன்னால் போய் விஷயத்தைச் சொன்னார்.

"டிராக்டர்னு சொல்றீரு. தண்ணி ஊத்துற இடம் எங்க இருக்கு?" என்று கேட்டார் கொக்கு.

"அது கிடையாது சார். காத்துலயே குளிரும்."

"காத்துல குளிர்றதுக்குப் பேரு வீடு."

"சார், சக்கரம் இருக்கு சார்!"

"ஓடுதா?"

"எலி இருக்கிறதால ஓடல."

"அப்ப ஓடாது, குடும்பம் இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு, காத்து வருது. இன்னும் என்னய்யா வேணும் ஒரு வீட்டுக்கு?" என்ற கொக்குக்குத் திடீரென்று முகம் மலர்ந்துவிட்டது. மடக்கிவைத்திருந்த காலைக் கீழே ஊன்றினார். அப்படி ஒரு காட்சியை அந்த ஆபீஸ் கண்டதில்லை, ப்யூன் ஓணான் எழுந்தே நின்றுவிட்டது. "நாளைக்கு மாவட்டக் கழுகு ஆய்வுக்கு வர்றாரு. எல்லா வீட்டுக்கும் குழாய் போட்டாச்சுன்னு எழுதி அனுப்பிட்டேன். எண்ணிப் பார்த்தா நான் எழுதின கணக்குக்கு ஒரு வீடு குறையுது. நல்ல நேரத்துல வந்தீரு!"

"சார், எனக்குக் குழாய் வேண்டாம், வண்டிதான் வேணும். ஈரம் காயுது சார்."

"வீட்டை ஓட்டிக்கிட்டுப் போயி உழக்கூடாது. சட்டப்படி தப்பு. அடுத்த ஆளு!"

தேனப்பன் நடந்தே காட்டுக்குத் திரும்பினார். பேச்சியம்மாள் விதைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இந்த வருஷம் நமக்கு விதைப்பு இல்ல, பேச்சி" என்றார். மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி அவள் கேட்டதே கிடையாது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவருக்கும்தான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பெருச்சாளிகள் கூட்டமாக வந்து தோண்ட ஆரம்பித்தன. வேறு நாளாக இருந்தால் ஒரு குழி எடுக்க நாலு மாசம் ஆக்குகிற ஆட்கள். கழுகு வருகிறார் என்றதும் குழாயை இழுத்துவந்து, டிராக்டரின் முன்பக்கமாக நட்டு, நீலப் பெயின்ட் அடித்து, திருகியும் விட்டார்கள். தண்ணீர் கொட்டியது, நல்ல சுத்தமான தண்ணீர். பச்சைத்தண்ணீர் படாத வண்டிக்குக் குழாய்! தேனப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இதே நேரத்தில் அடிபம்பில் ஒரு காரியம் நடந்தது. எல்லா டிராக்டரும் ஒரே நாளில் உழவுக்கு இறங்கியதால் எல்லாரும் தண்ணீருக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு போய், பம்புக் கைப்பிடியை முறித்துவிட்டார்கள். மழைத்தண்ணீர் குட்டைகளில் கிடந்தது, ஆனால் அந்தச் சேற்றை ஊற்றினால் ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். காடு முழுக்க இஞ்சின்கள் கொதித்து ஆவி விட்டன. பால்பாண்டியின் வண்டி தயவுசெய்து, தயவுசெய்து என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே நின்றது.

அவர் குடத்தோடு முதல் ஆளாக வந்தார். பின்னால் மற்றவர்கள். தேனப்பன் டிராக்டருக்கு முன்னால் க்யூ வரப்பைத் தாண்டி நின்றது.

"அண்ணாச்சி, உங்க வண்டிக்குத்தான் தண்ணி வேண்டாமே. ஒரு குடம் பிடிச்சுக்கிடுதேன்" என்றார் பால்பாண்டி, தரையைப் பார்த்துக்கொண்டு.

தேனப்பனுக்கு நாக்கு நுனிவரைக்கும் அந்தக் கலர் சோடாப் பேச்சு வந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் மூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"குழாய் என் பேருல இருக்கு. என்கிட்ட கேளுங்க!"

வேலுக்கனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தது. "குடம் பிடிக்கலாம். ஆனா ஒரு குடத்துக்கு, அண்ணாச்சி காட்டுல நாலு சால் உழுதுட்டுத்தான் போகணும்."

தேனப்பன் எலியின் முகத்தருகே குனிந்தார். "எனக்காகவா தாயி?"

"உங்களுக்காகவா? நல்ல கதை! இங்க கடலை வெளையலன்னா என் பிள்ளைக எதைத் தின்னும்?"

பால்பாண்டி முணுமுணுத்தார், ஆனால் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். புது டிராக்டர்கள் வரிசை கட்டி உழ, பேச்சியம்மாள் பின்னாலேயே விதை போட்டுக்கொண்டு போனாள். தேனப்பன் சும்மா இருப்பாரா? சத்தமில்லாத உழவு அவருக்கு உழவு மாதிரியே தெரியவில்லை. தன் டிராக்டரில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே டப்டப்டப் என்று அடித்தார். குட்டிகள் அதைக் கேட்டு நன்றாகத் தூங்கின. சாயங்காலம் ஈரம் காய்வதற்குள் கடைசி விதையும் மண்ணுக்குள் போய்விட்டது.

கழுகும் வந்தார். கீழே இறங்கவில்லை. மேலேயே ஒரு சுற்றுச் சுற்றி, நூற்றுக்கு நூறு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன கையோடு குழாயில் தண்ணீர் நின்றது. பேச்சியம்மாள் திருகிப் பார்த்தாள். புஸ்ஸென்று ஒரு சத்தம்தான் வந்தது.

"இந்தாருங்க! குழாயில வெறும் காத்துதான் வருது!" என்று கத்தினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் குரங்குகூடக் கேட்டுக்கொண்டது.

தேனப்பன் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. "மூடாதட்டி, வரட்டும்! நம்ம வண்டிக்கு வேண்டியது அதுதான்லா!"

நீதி: தண்ணீர் வேண்டுமென்றால், அது தேவைப்படாதவராக இருங்கள், குழாய் அங்கேதான் வரும். உழவு நடக்க வேண்டுமென்றால், டிராக்டரை எலிக்கு வாடகைக்கு விடுங்கள்.